தார்ப்பாயின் கீழ் எங்கள் வள்ளம்

சுங்கத்துறைக்கு நான் எழுதிய முதல் மனுவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம், பதினேழு வரிகள். அதில் பன்னிரண்டாவது வரிதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது: "மேற்படி வள்ளம் மழையிலும் வெயிலிலும் சேதமடையாதபடி, நனையாமல், நன்றாக மூடிப் பாதுகாக்கப்பட வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." எழுதி முடித்து இரண்டு முறை சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. என் கணவரிடம் நீட்டினேன். அவர் வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

நான் கீரனூர்ப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி கோட்டைப்பட்டினத்துக்கு வந்தேன். அங்கன்வாடியில் வேலை கிடைத்து இருபத்திரண்டு வருடங்களாகின்றன. பிள்ளைகளின் எடை, உயரம், அரிசி, பருப்பு, முட்டை என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதிவேடு உண்டு. என் வேலையில் நனைந்த பொருள் கெட்ட பொருள். அரிசி மூட்டைக்கு அடியில் செங்கல் வைத்து, மேலே பாலித்தீன் தாள் போட்டு மூடுகிறவள் நான். அந்தப் பழக்கம்தான் பன்னிரண்டாவது வரியாக வந்து உட்கார்ந்தது.

வள்ளம் பிடிபட்ட கதை சின்னது. அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது. ஒரு மாதம் கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை, வாசலில் வந்து நின்றார்.

"சும்மா கெடக்குற வள்ளம்தானேண்ணே. நண்டு வலைக்குப் போயிட்டு வாரேன்."

இவரும் சரி என்றுவிட்டார். நான்காவது நாள் காலையில் சேதி வந்தது. நண்டு இல்லை, அக்கரைக்குக் கடத்துகிற பீடி இலை. மூட்டைகளோடு நடுக்கடலில் சுங்கத்துறையினர் பிடித்துவிட்டார்கள். கொழுந்தனைக் கைது செய்தார்கள். வள்ளத்தைக் கைப்பற்றி, கிடங்கு இருக்கும் இன்னொரு கடற்கரை ஊருக்குக் கொண்டு போனார்கள். மணமேல்குடியில் பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். மூன்று மணி நேரம் ஆகும்.

இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கொழுந்தனுக்கு ஜாமீன் கிடைத்த சேதியைச் சொன்னபோது என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஆளுக்கு ஜாமீன் இருக்கு. வள்ளத்துக்கு யாரு ஜாமீன்?"

வழக்கு நடக்கும்போதே பொருளைத் திரும்பப் பெற வழி இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பிணைப்பத்திரமும் வங்கி உத்தரவாதமும் கேட்டார்கள். எங்களால் ஆகவில்லை. புதுக்கோட்டையில் பார்த்த வக்கீல்தான் இன்னொன்றைச் சொன்னார்.

"பொருள் இன்னும் உங்களுதுதாம்மா. கேஸ் முடியிற வரைக்கும் அவங்க காவல்ல இருக்கு, அவ்வளவுதான். அது எப்படி இருக்குன்னு வந்து பாக்குறேன்னு உரிமையாளர் கேக்கலாம். எழுதிக் கேளுங்க."

எழுதுவது என்றால் எங்கள் வீட்டில் நான்தான். அன்று மாலையே எழுதினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. உரிமையாளரும் உடன் ஒருவரும் மாதத்தின் முதல் புதன்கிழமை, அலுவலர் முன்னிலையில் பார்வையிடலாம். பொருளைத் தொடவோ அதன் நிலையை மாற்றவோ கூடாது. கடிதத்தை நெகிழிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். இவர் வேட்டி சட்டை போட்டுக்கொண்டார். கல்யாண வீட்டுக்குப் போவதற்கு மட்டும் எடுக்கும் சட்டை.

கிடங்கு கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுற்றுச்சுவருக்குள் பழைய லாரி, துருப்பிடித்த என்ஜின்கள், ஒரு ஃபைபர் படகு. கடைசியில், மரக்கட்டைகளின் மேல் ஏற்றி, புத்தம் புதிய நீலத் தார்ப்பாய் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள் எங்கள் வள்ளத்தை. எனக்கு மனது நிறைந்துவிட்டது. ஒரு கடிதத்துக்கு அரசாங்கம் இவ்வளவு மரியாதை கொடுக்கிறதே என்று நினைத்தேன்.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், தார்ப்பாய்க்கு வெளியே தெரிந்த அணியத்தை, அதாவது வள்ளத்தின் மூக்கை, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடலுக்குப் போகும்போது தினமும் செய்வதுதான்.

"யோவ், தொடக்கூடாது!" என்று கிடங்குக் காவலாளி கத்தினார்.

கையை எடுத்துவிட்டார். காவலாளி ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினார். உள்ளேயிருந்து வந்த வெக்கை முகத்தில் அடித்தது. இவர் குந்தி உட்கார்ந்து, பலகைகளுக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. நானும் குனிந்து பார்த்தேன். மூன்றாவது பலகைக்கும் நான்காவது பலகைக்கும் நடுவில், அந்தப் பக்கத்து வெளிச்சம் கோடு போட்டது போலத் தெரிந்தது.

"யாரு சார் இத இப்புடி மூடுனது?" என்று கூட வந்து நின்ற சுங்க இன்ஸ்பெக்டரிடம் இவர் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீங்க? நனையாம, மூடிப் பாதுகாக்கணும்னு? இதுக்குன்னே புதுத் தார்ப்பாய் வாங்கிப் போட்டிருக்கோம். கையெழுத்து ஒங்களுதுதான?"

இவர் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்களுதுதான் சார்" என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மீன நனையாம வளக்கச் சொல்லி எழுதாம விட்டியே, அதுவரைக்கும் புண்ணியம்."

அப்புறம் விளக்கினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திரித்து அடைத்திருப்பார்கள். தண்ணீரில் கிடக்கும் மரம் ஊறிப் பருத்து அந்தப் பஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காயவிட்டால் மரம் சுருங்கும், பிடி விடும், பஞ்சு உதிரும். நாள்கணக்கில் கரையில் ஏற்றி வைத்தால் உள்ளே கடல் தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்குப் போட்டு வைப்பார்கள். இத்தனை வருடம் அதே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. மீன் கரையில் இறங்கிய பிறகுதான் எனக்கும் வள்ளத்துக்கும் உறவு.

"இன்னும் எத்தன மாசம் தாங்கும்?" என்று கேட்டேன்.

"இந்த வெயிலுக்கா? தார்ப்பாய்க்குள்ளயா? கோட வந்துருச்சுன்னா கேஸ்ல நாம ஜெயிச்சாலும் வெறகுதான் வரும்."

அன்று வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது மனு எழுதினேன். தார்ப்பாயை எடுக்க வேண்டும், வள்ளத்தில் தண்ணீர் ஊற்ற அனுமதிக்க வேண்டும். பதில் சுருக்கமாக வந்தது. இது உரிமையாளரின் முந்தைய மனுவுக்கு முரணாக உள்ளது; கைப்பற்றப்பட்ட பொருளின் நிலையை மாற்றும் செயலுக்கு அனுமதி இல்லை.

வக்கீலிடம் கடிதத்தைக் காட்டிக் கேட்டேன். "பாக்குறதுக்கு உரிமை இருக்கு. பாத்தத எழுதி வைக்கிறதுக்கும் உரிமை இருக்குங்களா?"

"எழுதுறத யாரு தடுக்க முடியும்? எழுதி அங்கயும் ஒரு பிரதி குடுங்க. பெற்றுக்கொண்டோம்னு கையெழுத்து மட்டும் வாங்கிருங்க."

அது போதும் எனக்கு. அங்கன்வாடியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளர்ச்சி அட்டை உண்டு. மாதாமாதம் எடை போட்டுப் புள்ளி வைத்துக் கோட்டால் இணைப்போம். கோடு ஏறினால் பிள்ளை நன்றாக இருக்கிறது. படுத்தால் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். அதே போல வள்ளத்துக்கு ஓர் அட்டை போட்டேன். வலப்பக்கம் ஆறு இடுக்கு, இடப்பக்கம் ஆறு இடுக்கு. இந்த அட்டையில் மட்டும் கோடு ஏறினால் கெடுதி.

அடுத்த மாதத்து முதல் புதன்கிழமை ஸ்கேலோடு போனேன்.

"தொடக்கூடாதும்மா" என்றார் காவலாளி.

"தொடலைங்க. ஸ்கேலுக்கும் பலகைக்கும் நடுவுல ஒங்க சுண்டு வெரல் போகும், வேணும்னா விட்டுப் பாருங்க."

அவர் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். போயிற்று. நான் அளவைச் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். இவர் எழுத்து மணலில் நண்டு ஓடினது மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து நான் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் அவரையே எழுதச் சொன்னேன்.

இப்போது நினைத்தால் அந்தப் புதன்கிழமைகளுக்காக மனம் ஏங்குகிறது. சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். வள்ளம் காய்ந்துகொண்டிருந்த காலம், வீட்டில் வருமானம் இல்லாத காலம், அதில் ஏங்க என்ன இருக்கிறது? ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரு முழுப் பகலைச் சேர்ந்து கழித்த நாட்களை எண்ணினால் இரண்டு கைகளின் விரல்களே போதும். நான் எழும்போது அவர் கடலில் இருப்பார். நான் வேலையில் இருக்கும்போது அவர் தூங்குவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவருடைய இடது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருப்பதைப் பார்த்தேன். எப்போது பட்டது என்று கேட்டேன்.

"நம்ம கல்யாணத்துக்கு முந்தி. தூண்டி முள்ளு."

"இத்தன வருஷமா சொல்லவே இல்ல?"

"நீ பதிவேட்டுல ஏத்திருவியேன்னுதான்."

அவருக்கு அசையாத இடத்தில் தூக்கம் வராது. பாயில் படுத்தால் புரண்டுகொண்டே இருப்பவர், பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் முன்னால் தூங்கிவிடுவார். சாலை கடலை விட்டு விலகி மறுபடி பக்கத்தில் வரும் இடத்தில் தானாக விழிப்பார். மூன்று மாதம் கவனித்துக் குறித்து வைத்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. மணமேல்குடியில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எனக்கு உளுந்த வடையும் அவருக்குச் சீனி கம்மியாக டீயும் வாங்குவோம். மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம். வேப்பமரத்தடியில் நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக் காவலாளி, "நீங்க வள்ளத்தப் பாக்க வாரீங்களா, சுற்றுலா வாரீங்களா?" என்று கேட்டார். இவர் ஒரு கை சாதத்தை இலையில் வைத்து அவரிடம் நீட்டினார்.

அணியத்தைத் தொடக்கூடாது என்றதால் இவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதற்கு முன்னால் தலையை மட்டும் குனிந்துவிட்டு வருவார். நான்காவது மாதம் காவலாளி அந்த நேரம் பார்த்துப் பீடி பற்றவைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நான்காவது மாதம்தான் இன்ஸ்பெக்டர் என் அட்டையை முழுவதும் வாசித்தார். அதுவரை பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார்.

"என்னம்மா இது, பிள்ளைங்க எடை அட்ட மாதிரி இருக்கு?"

"அதே மாதிரிதாங்க சார். வலப்பக்கம் மூணாவது இடுக்கு, மொத அட்டையில ரெண்டு மில்லிமீட்டர். இன்னைக்கு நாலரை. எல்லாத்துலயும் ஒங்க கையெழுத்து இருக்கு."

அவர் பேனாவின் மூடியை மாட்டினார். "அப்ப நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே வள்ளம் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க."

"அப்படி எழுதலைங்க சார். அளவு மட்டுந்தான் எழுதியிருக்கேன்."

"அளவு மட்டுந்தான்!" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார். "ஒங்க வீட்டுக்காரரு மூடச் சொன்னாரு, மூடுனேன். எண்பது முழம் கயிறு வச்சுக் கட்டுனேன். இப்ப நனைக்கச் சொல்றீங்க. நாளைக்கு நனைச்சதால மக்கிப்போச்சுன்னு எழுத மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? ஏன்யா, வள்ளக்காரன் நீ, வள்ளத்த மூடக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு மாதமாக அந்தக் கேள்விக்கு இவர் இப்படித்தான் நின்றார். ஊரில் மற்ற வள்ளக்காரர்கள் கேட்டபோதும் இதே நிலைதான். முப்பது வருடம் கடலுக்குப் போனவர், ஒன்றும் தெரியாத ஆளாக நின்றாரே தவிர, என் பெயரைச் சொல்லவில்லை.

"அவருக்குத் தெரியுங்க சார்" என்றேன். "அந்த வரிய எழுதினது நான். நான் கடல் இல்லாத ஊர்க்காரி. அரிசி மூட்டைய வைக்கிற மாதிரி நெனச்சு எழுதிட்டேன். அவருக்கு வாசிச்சுக் காட்டல."

அறையில் இருந்த கிளார்க்கும் திரும்பிப் பார்த்தார். என் எழுத்தில் தப்பு என்று நான் இன்னொருவர் முன்னால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இவர் தொண்டையைச் செருமினார். "நானும் வாசிக்காமத்தான் சார் போட்டேன். அது எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு."

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இப்ப சொன்னத அப்படியே எழுதுங்க. முந்தின மனுவுல இந்த வரி தெரியாம எழுதுனதுன்னும், அத வாபஸ் வாங்குறோம்னும், தண்ணி ஊத்துறது எங்க சொந்தப் பொறுப்புன்னும். நான் மேல அனுப்புறேன். குடுப்பாங்கன்னு சொல்லல, அனுப்புறேன். ஏய்யா, இந்தத் தடவையாவது வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். நான்கே வரி. அவர் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். பத்து நிமிடம் ஆயிற்று.

ஐந்தாவது மாதம் போனபோது தார்ப்பாய் இல்லை. அனுமதிக் கடிதம் மேசையில் இருந்தது: அலுவலக ஊழியர் முன்னிலையில், பராமரிப்புக்காக மட்டும், உரிமையாளர் பொறுப்பில் நீர் ஊற்றலாம். காவலாளி தோட்டக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"அய்யய்யோ, நல்ல தண்ணி வேணாங்க. பலக மக்கிப்போகும். கடத் தண்ணிதான் அதுக்கு மருந்து" என்றார் இவர்.

கடல் அறுபது காலடி தூரத்தில் இருந்தது. இரண்டு வாளியும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் கிடைத்தன. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நான் புடவையைச் செருகிக்கொண்டேன். மொத்தம் நாற்பத்தாறு வாளி. முதல் பத்து வாளித் தண்ணீர் ஊற்ற ஊற்றவே இடுக்குகள் வழியாக ஓடிப் போயிற்று. இவர் சாக்குகளை நனைத்து உள்பக்கம் பரப்பினார். இருபதாவது வாளிக்கு மேல் ஒழுகல் கம்மியானது. டிரம்மையும் நிரப்பி வைத்தோம். மாதத்துக்கு ஒரு நாள் ஊற்றினால் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கிளம்பும்போது காவலாளிதான் சொன்னார்.

"காலையில ரெண்டு வாளி, சாயங்காலம் ரெண்டு வாளி. தீந்தா நான் மொண்டுக்குறேன். அதுக்காக எனக்கும் ஒரு அட்ட போட்டுறாதீங்கம்மா."

அடுத்த மாதம் மூன்றாவது இடுக்கு மூன்றரை மில்லிமீட்டர். அதற்கடுத்த மாதம் இரண்டரை. பிறகு எந்த மாதமும் இரண்டுக்கு மேல் போகவில்லை. மழைக்காலம் வந்தபோது இவர் வீட்டு வாசலில் நின்று, நனையட்டும், நன்றாக நனையட்டும் என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். உள்ளே உப்புத் தண்ணீர் கிடக்கும்போது மழை பலகையைக் கெடுக்காதாம்.

பதினான்காவது மாதம் உத்தரவு வந்தது. கடத்தலில் உரிமையாளருக்குத் தொடர்பு இல்லை; அபராதம் செலுத்தி வள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம். எடுக்கப் போன அன்று கொழுந்தனும் பஸ்ஸில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. கிடங்கில் இவர் பழைய பஞ்சைத் தோண்டி எடுத்துப் புதிதாக அடைக்கத் தொடங்கியபோது, கொழுந்தன் மூன்று எட்டுத் தள்ளி நின்றார்.

"அண்ணே, நான் திரிச்சுத் தரட்டா?"

இவர் பஞ்சுப் பொட்டலத்தைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினார். மாலைவரை இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வள்ளத்தை இரண்டு நாள் மூழ்கவிட்டு வைத்தார்கள். மூன்றாம் நாள் தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே ஊறி வந்த தண்ணீர் என் சுண்டு விரலின் முதல் கணு அளவு. இந்த அளவுகூடக் கசியாத வள்ளமே கிடையாது என்றார் இவர். என்ஜினை ஏற்றி, கடல் வழியாகவே கோட்டைப்பட்டினத்துக்கு ஓட்டி வந்தார்கள். நான் பஸ்ஸில் வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் பையை வைத்துக்கொண்டு.

மறுநாள் விடியும் முன்னே அவர் கடலுக்குப் போய்விட்டார். நான் எழுந்தபோது பாய் சுருட்டி வைத்திருந்தது.

அதற்கடுத்த முதல் புதன்கிழமை, வேலைக்குப் போகும் வழியில் ரோட்டைக் கடக்கும்போது, நாங்கள் வழக்கமாகப் போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, ஏறலையா? வள்ளம் பாக்கப் போவீங்கல்ல?"

"வள்ளம் வீட்டுக்கு வந்துருச்சுங்க."

"அப்படிப் போடுங்க! அண்ணன் எங்க?"

"அண்ணன் கடலுக்குப் போயிட்டாரு" என்றேன்.